படுவான்கரைக்குப் பாட்டு வந்த பாதை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. வயலில் நின்றும் தோணியில் இருந்தும் வானத்தைப் பார்த்த உழைப்பாளி இட்ட பெயர்கள் இவை என்பதில் ஐயமில்லை. ஆயின், காலம் செல்லச் செல்ல அப்பெயர்களில் வேறொரு பொருளும் வந்து ஏறிக்கொண்டது. கச்சேரியும் ஆசுபத்திரியும் பெரிய பாடசாலைகளும் அச்சகங்களும் புத்தகக் கடைகளும் கடலை அடுத்த எழுவான்கரையில் அமைந்தன. நெல்லும் பாலும் விறகும் படுவான்கரையிலிருந்து வந்தன. 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி இரண்டையும் பிரித்து நின்றது. மனிதரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் சென்று வந்த மிதவைக்கு நம் பகுதியில் 'பாதை' என்று பெயர். வெளியூர் நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டு நகைப்பதுண்டு. நீரின் மேல் பாதை ஏது என்பர். மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கல்விக்குச் செல்லும் பாதை அந்தப் பாதையாகவே இருந்தது.

நாம் இங்கே எழுத முற்பட்டது பாலத்தைப் பற்றியன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 13 ஆம் திகதி, கொரோனா நோய்த் தொற்றின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது நம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்றுகொண்டிருந்த படுவான்கரை மாணவி ஒருத்தி, சில வாரங்களின் பின்னர், தாயின் கைப்பேசியில் நெய்தல் திணைச் செய்யுள்களைப் படிக்கத் தொடங்கினாள். நூல் அவளிடம் இல்லை. இருந்த ஒரே பிரதி பாடசாலை அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடப்பெற்ற பாட்டு, உழவர் குடிசை ஒன்றின் திண்ணையில், உள்ளங்கை அகலக் கண்ணாடியில் வந்து நின்றது. அது எவ்வழியாக வந்தது? யார் கொண்டுவந்தனர்? வழிக்கூலியை யார் கொடுத்தனர்? இவ்வினாக்கள் அன்று தொட்டு நம் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் பகுதிக்குப் பாட்டு முதன்முதல் வந்தது செவிவழியாகத்தான். வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறக்கும். சடங்கு நடைபெறும் நாள்களில் கண்ணகி வழக்குரை ஏட்டை அவிழ்த்து வைத்துப் படிப்பர். ஊர் முழுவதும் இருந்து கேட்கும். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளிப்படுத்தியது 1892 இல். அந்த அச்சுப் புத்தகம் கடல் தாண்டி வருவதற்கு முன்பே, பாண்டியன் அவையில் ஒரு பெண் நின்று நீதி கேட்ட கதையை எழுத்தறியாத நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். வழக்குரையும் சிலப்பதிகாரமும் ஒன்றல்ல. கதைப்போக்கிலும் யாப்பிலும் வேறுபாடுண்டு. எனினும் கண்ணகி நம் மக்களுக்குப் பாடப் புத்தகத்தில் சந்தித்த பாத்திரமல்லள் என்பதை ஈண்டு அழுத்திச் சொல்லவேண்டும்.

செவிவழிக் கல்வியை வானளாவப் புகழும் வழக்கம் இப்போது வளர்ந்து வருகிறது. அதனோடு நாம் முற்றாக உடன்படுவதற்கில்லை. கேட்கும் உரிமை ஊருக்கு இருந்தது. படிக்கும் உரிமை சிலருக்கே இருந்தது. ஏடு கோயிலிலோ, வண்ணக்கர் வீட்டிலோ, போடியார் வீட்டுப் பெட்டகத்திலோ இருந்தது. போடியாரின் வயலில் உழைத்தவன் அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடும். ஏட்டைத் தொட்டுப் புரட்ட அவனுக்கு வாய்ப்பில்லை. பெண்களுக்கோ அதுவும் அரிது. அப்பெண்கள் தாமே கட்டிய கவிகளும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் ஏட்டில் ஏறவுமில்லை. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நெல்லுக் குற்றும்போதும் வயலில் களை பிடுங்கும்போதும் பாடிய கவிகள் பெரும்பாலும் அவரவர் மூச்சோடு போயின. வித்தியாதரிசியாக இருந்த தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை 1940 இல் அச்சேற்றினார். வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற பெருநூலை 1964 இலும், கண்ணகி வழக்குரையின் பதிப்பை 1968 இலும் தந்தார். எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தை 1962 இல் பதிப்பித்தார். இவர்கள் ஊரூராகச் சென்று திரட்டியிராவிடின், நாம் இன்று பேசுவதற்குக்கூடப் பொருள் மிகுந்திராது.

அச்சு வந்த கதை பலரும் அறிந்தது, விரைந்து சொல்லிவிடலாம். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1849 இல் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அதே 1887 இல் சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வெளிவந்தது. ஒவ்வோர் ஏட்டிலும் பாடம் வேறுபட்டது, எழுத்துச் சிதைந்தது, புள்ளியில்லை. ஒரு சொல்லின் சரியான வடிவத்தை முடிவு செய்ய மாதக்கணக்கில் உழன்றனர். இந்த உழைப்பின் தன்மையை மாணவர்க்குச் சொல்லாமல் சங்கப் பாட்டைக் கற்பிப்பது, நெல் விளைந்த விதம் சொல்லாமல் சோறிடுவதை ஒக்கும்.

சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892 ஆம் ஆண்டில், அன்று மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த காரைதீவில் ஒரு குழந்தை பிறந்தது. மயில்வாகனம் என்று பெயரிடப்பெற்று, பின்னர் சுவாமி விபுலாநந்தர் என்று உலகறிந்த அப்பெருமகனின் கல்வி வரலாறு நம் வினாவுக்கு நேரடியாக விடை தருகிறது. ஆங்கிலக் கல்வியும் விஞ்ஞானமும் கற்ற அவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் 1916 இல் தேறினார். 1901 இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய சங்கம் அது. வாவிக்கரையில் பிறந்த ஒருவன் தமிழில் தேறினான் என்று சான்று பெறுவதற்குக் கடல் கடந்த மதுரையை நோக்க வேண்டியிருந்த காலம் அது. அவரே பின்னாளில் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து யாழ் நூலை எழுதி, 1947 சூனில் அரங்கேற்றி, அடுத்த திங்களே மறைந்தார். வைகாசிச் சடங்கில் கண்ணகியைச் செவியால் அறிந்த மண்ணின் மகன், அச்சுப் புத்தகத்தின் துணையால் அக்காப்பியத்தின் இசையைக் கணக்கிட்டுக் காட்டினார். செவியும் அச்சும் ஒருவரிடம் சேர்ந்தபோது நேர்ந்தது அது.

ஆனால் எத்தனை பேரிடம் அவை சேர்ந்தன? கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929 இல் அவர் தோற்றுவித்தது இந்தக் கேள்வி அவரையும் வருத்தியதால்தான் என்று நாம் கருதுகிறோம். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. தமிழகத்தில் மர்ரே எஸ். ராஜம் என்னும் வணிகர், அறிஞர் குழு ஒன்றை அமர்த்திச் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் 1950 களில் வெளியிட்டார். பண்டிதரின் துணையின்றிச் சாதாரண வாசகன் பழம்பாட்டைத் தட்டுத்தடுமாறியேனும் வாசிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கிய பதிப்புகள் அவை. அவருடைய பெயர் நம் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை என்பது நமக்கு நெடுநாளைய மனக்குறை.

மக்களுக்கு நூல் கிடைக்கத் தொடங்கிய அக்காலத்தின் பின்னரே நூல் அழியும் காலமும் வந்தது. 1978 நவம்பர் 23 இல் சூறாவளி கிழக்குக் கரையைத் தாக்கியது. கூரை பறந்த வீட்டில் ஏடென்ன, புத்தகமென்ன! 1981 மே இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. நம் பகுதிக்கென 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்கே ஆண்டுகளில் அதன் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாயிற்று. 1990 செப்டெம்பர் 5 இல் அங்கிருந்து 158 பேரைப் படையினர் கொண்டு சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. அந்த வளாகத்திலேதான் பின்னாளில் நாம் தமிழ் படித்தோம். உரைநூல் ஒன்றுக்கு ஒன்பது பேர் காத்திருந்து, போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பியில் மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்துபோயிருக்க, அதை ஊகித்துப் படித்தோம். ஏட்டுச் சுவடியில் புள்ளியில்லை என்று தாமோதரம்பிள்ளை பட்ட பாட்டை அப்போதுதான் மெய்யாக உணர்ந்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

நாம் அறியாமலே வேறொரு பாதை அப்போது மிதக்கத் தொடங்கியிருந்தது. 1998 தைப்பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் விஞ்ஞானியாகப் பணியாற்றிய கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை ஒருங்கிணைத்தனர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள், பகலில் தொழில் செய்துவிட்டு, இரவில் அமர்ந்து பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகக் கணினியில் பதித்தனர். மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். நூல் விலையின்றி உலகுக்கு விடப்பட்டது. எவருக்கும் ஒரு காசும் கூலியில்லை. இளம் மயில்வாகனம் சான்று பெற நோக்கிய மதுரையின் பெயரையே அத்திட்டம் தாங்கி நின்றது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2001 இல் தமிழ்நாட்டு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அந்நிறுவனத்தின் மின்னூலகத்தில் மூலம் மட்டுமன்றி உரைகளும் அகராதிகளும் உள. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியை இன்று எவரும் இருந்த இடத்திலிருந்தே புரட்டலாம். 1862 இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியும் அவ்வாறே. அதன் முதல் வேலைகள் யாழ்ப்பாணத்து மிஷனாரிடையே தொடங்கியவை என்பதை நம் மாணவர் அறிவது நன்று. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா எழுந்தது. அதற்குத் தொடக்கத்தில் தோள் கொடுத்தவர் ஈழத்தவரான மயூரநாதன்.

நமக்கு எல்லாவற்றினும் நெருங்கியது நூலகம் திட்டம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் கல்லாற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. மூன்று வாரம் கழிந்து, 2005 தைப்பொங்கலில், ஈழத்து இளைஞர் சிலர் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கும் பணியைத் தொடங்கினர். இரண்டு நிகழ்ச்சிக்கும் காரண காரிய உறவு உண்டென்று நாம் கூறவில்லை. ஆயினும் எரிந்தும் நனைந்தும் போன ஒரு சமூகம், நூலைக் காகிதத்தில் மட்டும் வைத்திருத்தல் போதாது என்று எண்ணியதில் வியப்பென்ன? டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை'யின் பழைய இதழ்களை இன்று படுவான்கரைப் பிள்ளை ஒன்று திறந்து வாசிக்க முடிகிறதெனில், அது பெயர் வெளியே தெரியாத எத்தனையோ பேர் பக்கம் பக்கமாகப் படியெடுத்த உழைப்பின் பயன். ஏட்டுச் சுவடிகளையும் அந்நிறுவனம் எண்ணிமப்படுத்தி வருகிறது.

எழுத்துருச் சிக்கலைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவே ஆட்சி செய்தது. அது இல்லாத கணினியில் திருக்குறளைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்த குப்பையே தோன்றும். ஒருங்குகுறி பரவிய பின்னரே எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகத் தெரிந்தது, தேடவும் முடிந்தது.

இனி நம் மாணவியிடம் திரும்புவோம். அவள் எதைப் பெற்றாள், எதைப் பெறவில்லை என்பதை நாம் அருகிருந்து கண்டோம்; அல்லது, உண்மையைச் சொல்வதாயின், வட்ஸ்அப்பில் வந்த குரற்பதிவுகளின் வழியாகக் கேட்டோம்.

நெய்தல் நிலத்தின் கழியும் கானலும் கண்டலும் தமிழகத்து நகர மாணவனுக்கு உரையாசிரியர் சொல்லித் தெரிய வேண்டியவை. நம் மாணவிக்கோ கழி என்பது வீட்டு வேலிக்கு அப்பால் கிடக்கும் வாவி. கண்டல் தாவரத்தை அவள் விஞ்ஞானப் பாடத்திலும் கரையிலும் கண்டிருக்கிறாள். 'அடும்பு' என்ற சொல்லில் மட்டும் அவள் நின்றுவிட்டாள். அகராதி, கடற்கரையில் படரும் கொடி என்றது. அவளுக்குத் தெளிவு பிறக்கவில்லை. பெயரைத் தேடிப் படத்தைக் கண்டதும் அடுத்த குரற்பதிவு வந்தது: "சேர், இது நம்மட அடம்பன் கொடியெல்லோ! கல்லடிக் கடற்கரை முழுக்கக் கிடக்கிது." அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாள்தோறும் சொல்லும் நாட்டவர் நாம். சங்கப் புலவரின் அடும்பும் நம் பழமொழியின் அடம்பனும் ஒன்றென்பதை உரைநூலில் நாம் பத்து முறை படித்திருந்தும், வகுப்பில் அதை எடுத்துச் சொல்லத் தோன்றியதில்லை. ஆசிரியர் தவறவிட்டதைக் கைப்பேசிப் படம் ஒன்று கற்பித்தது. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

மற்றொரு நாள் அவள் முறைப்பாடு செய்தாள்: "நெய்தல் எண்டு போட்டுத் தேடினா கொஞ்சம்தான் வருகுது சேர். உரையில இருக்கிற இடமெல்லாம் வரல்ல." காரணம் தெளிவு. தேடுபொறி எழுத்துக் கோவையைத் தேடும், சொல்லை அறியாது. 'நெய்தல்' என்று இட்டால் 'நெய்தனிலம்' அகப்படாது. 'கடல்' என்று இட்டால் 'கடற்றிரை'யும் 'கடனீ'ரும் நழுவிவிடும். லகரம் எங்கே றகரமாகும், எங்கே னகரமாகும் என்று பவணந்தி நன்னூலில் வகுத்த விதிகளை அறிந்தவளுக்கே அவையும் அகப்படும். தேர்வுக்கு அப்பால் எதற்கும் உதவாதென்று பிள்ளைகள் வெறுக்கும் புணரியல், தேடுபொறியின் திறவுகோலாக மாறியது. அவள் அன்று முதல் ஒரு சொல்லுக்கு நான்கு வடிவம் எழுதி வைத்துக்கொண்டு தேடினாள். நன்னூலை இவ்வளவு ஆவலோடு படித்த மாணவரை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

இடர்களும் இருந்தன. மூலம் மட்டும் கிடைத்து உரை கிடைக்காத இடங்களில் அவள் தடுமாறினாள். தட்டெழுதியவரின் கை தவறிய இடத்தில் ரகரம் றகரமாகியிருந்தது. அவள் அதையே பாடமாகக் கொண்டு பொருள் கூற முற்பட்டாள். பாடபேதம் என்றொன்று உண்டு, அச்சிட்டது எல்லாம் சரியல்ல, திரையில் ஒளிர்வது எல்லாமும் சரியல்ல என்று விளக்க நமக்கு நீண்ட நேரம் பிடித்தது. அவளுக்குப் பின்வந்த வகுப்பினருக்கு இடர் இன்னும் பெரிதாயிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. செய்யுளின் பொருளைக் கேட்டால், அது தங்குதடையின்றி எழுதித் தருகிறது. சில வேளை சரியாகவும், சில வேளை அப்புலவர் பாடியேயிராத அடிகளை அவர் தலையில் கட்டியும் தருகிறது. இரண்டையும் ஒரே துணிவோடு சொல்வதுதான் கேடு. மூலத்தைத் திறந்து ஒப்புநோக்கும் பழக்கமுள்ள மாணவன் தப்புவான். மற்றவன், ஏட்டைக் காணாமலே பாடம் ஒப்பித்த பழைய காலத்து மாணவனின் நிலைக்கு மீண்டும் தள்ளப்படுகிறான்.

வழிக்கூலியைப் பற்றிக் கேட்டோம் அல்லவா? நூல் இலவசம், நூலை அடையும் வழி இலவசமன்று. வீட்டில் ஒரு கைப்பேசி, பிள்ளைகள் மூவர். தாய் வயற்கூலி வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் அவளோடு போயிற்று. ஆதலின் நம் மாணவியின் படிப்பு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். ரீலோட் போடும் நாளில் சூம் வகுப்பு. போடாத நாளில் குரற்பதிவுகூட இறங்காது. படம் பிடித்து அனுப்பிய பக்கங்களை விட எழுத்தாகவே அனுப்பிய செய்யுள் எடை குறைந்தது என்பதைக் கண்டறிந்து, அதையே கேட்டாள். மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்பு ஒரு காப்பியம் முழுவதையும் ஒரு புகைப்படத்தின் இடத்தில் அடக்கிவிடும் என்பதை நாம் அவளிடமிருந்தே கற்றோம். அலை பிடிக்காத வேளைகளில் குளக்கட்டின் மேல் ஏறி நின்றாள். ஊவாவின் பொகிட்டியாவ என்னும் சிங்களச் சிற்றூரிலும், 2021 இல், ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டுக்குள் பாறையேறி அலை தேடிய செய்தியை உலகம் படித்தது. இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் மொழி வேறு. ஏறி நின்றதன் காரணம் ஒன்று.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லாதிருப்பது நேர்மையன்று. 2021 சூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. கோரிக்கை நியாயமானது, நாமும் விலகி நின்றோம். பாடசாலைக்கு மீண்டது அக்டோபர் இறுதியில். நகரத்துப் பிள்ளைகள் பலர் அம்மாதங்களில் பணங்கட்டித் தனியார் வகுப்பில் இருந்தனர். நம் மாணவி எந்த வகுப்பிலும் இல்லை. அவள் அந்நாள்களில் தானாகவே கல்விக்கழகத்தின் உரைகளை வாசித்துக் கையால் படியெடுத்து ஒரு கொப்பி நிரப்பியிருந்தாள். அதைப் பின்னர் நம்மிடம் காட்டியபோது ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரத் தேர்வு 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. அவள் எழுதி முடித்தாள். அந்த மார்ச்சு இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைத் தேர்வுகள் நின்றன. செப்டெம்பரில் கைப்பேசிக் கட்டணம் 20 விழுக்காடு ஏறிற்று. போட்டோக் கொப்பியின் விலையோ நாளுக்கொரு விலை. அவளுடைய தம்பி சாதாரணதர வகுப்பில் இருந்தான். அக்காள் நிரப்பிய கொப்பியே அவனுக்கும் அவன் தோழர் சிலருக்கும் நூலாயிற்று. திரையிலிருந்து கைக்கு இறங்கி, கையிலிருந்து கைக்குச் சென்றது பாட்டு. ஏட்டுக் காலம் இப்படித்தான் இருந்திருக்கும் போலும்.

இன்னொன்றையும் அவள் வழியாகவே அறிந்தோம். சங்கப் பாட்டு அனைத்தும் திரையில் கிடைத்தது. அவளுடைய பாட்டி பாடும் கவிகளில் பெரும்பாலானவற்றைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கந்தையாவும் பிறரும் அச்சிட்ட சிலவே அகப்பட்டன. நம் பேச்சுத் தமிழ் எழுத்துவழக்கை மிக நெருங்கி நிற்பது என்று செக்கு நாட்டறிஞர் கமில் சுவலபில் கூறியதைப் பெருமையோடு மேடையில் சொல்வோம். ஆனால் 'மறுகா' என்றும் 'கிறுகி' என்றும் நாம் பேசினால், கைப்பேசியின் செவிக்கு அது தமிழாகவே படவில்லை. வேறு சொல்லை எழுதிக் காட்டுகிறது. எழுவான்கரையின் அச்சகத்துக்கு எட்டாதவை திரைக்கும் எட்டவில்லை. மதுரையிலும் சென்னையிலும் லோசானிலும் உள்ளவர் வந்து இதைச் செய்து தரவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. உரிமைச் சட்டமும் இதற்குப் பெரிய தடையன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு கழிந்தால் நூல் பொதுவாகிறது. விபுலாநந்தரின் எழுத்துகள் 2018 இலேயே நம் அனைவருக்கும் பொதுவாகிவிட்டன. பாட்டியின் கவிக்கோ பாட்டியின் இசைவு போதும்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது, பாட்டியின் குரலில் பதிந்த நாற்பதுக்கு மேற்பட்ட கவிகளைக் கொண்டுவந்தாள். அவற்றை எழுத்தில் இறக்கும் வேலையில் நம் வகுப்பு மாணவர் ஆறு பேர் இருக்கின்றனர். காத்தான்குடியிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் தம் ஊர்ப் பெண்களிடமும் கேட்டுப் பதிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே கவி இரண்டு ஊரில் இரண்டு விதமாக வருகிறது. எது மூலம் என்று பிள்ளைகள் சண்டையிடுகின்றனர். இரண்டையும் எழுதுங்கள் என்று கூறியிருக்கிறோம்.

அவளுடைய ஊர்க் கோயிலில் வழக்குரை ஏடு ஒன்று இருப்பதாகவும் தெரிய வந்தது. கட்டாடியாரிடம் சென்று, படம் பிடிக்க அனுமதி கேட்டோம். முதியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சடங்கில்லாத நாளில் ஏட்டை அவிழ்ப்பதில்லை என்றார். கைப்பேசியை வாங்கி, திரையில் இருந்த வேறோர் ஊர் ஏட்டின் படத்தைக் கண்ணுக்கருகில் பிடித்து, உதடு அசைய நான்கு வரி படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இது பிழை, எங்கட ஏட்டில வேற மாதிரி" என்றார். வைகாசியில் கதவு திறக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னார்.